பாரிஸ் யன்னலில் ஒரு மயில்

ஏசி பூட்டுகிற தொழிலில் ஒரு விசேஷம் உண்டு: அறை குளிரத் தொடங்குகிற நேரம் பார்த்துத்தான் "சரி தம்பி, இனி நாங்கள் பாக்கிறம்" என்று எங்களை வெயிலுக்குள் அனுப்பி வைப்பார்கள்.

இதை வாசிக்கிற ஏசிக்காரர், வயரிங்காரர், தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவர் எல்லாரும் இப்போது தலையாட்டுவீர்கள். அச்சுவேலிச் சந்தைக்குக் கிட்ட என் கடை. கூட்டாளி அன்ரன் குருநகர்க்காரன். அவன் வீட்டில் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள், அவன் மட்டும் ஏணியில் ஏறுகிறவன். நாங்கள் இரண்டு பேரும் பட்ட பாட்டில் சிலதைச் சொல்கிறேன். கடைசியில் வருவதை நினைத்தால் எனக்கு இப்போதும் கால் தரையில் நிற்காது.

பூட்டி வைத்த குளிர்

கொடிகாமத்தில் ஒரு தேங்காய் வியாபாரி. ஆடி பிறந்ததும் அழைத்தார். ஜேர்மனியிலிருந்து மகன் குடும்பம் லீவுக்கு வருகிறது, பேரப்பிள்ளைகள் குளிரில் பிறந்து வளர்ந்ததுகள், இந்தச் சூடு தாங்காதுகள், உள்ளதிலேயே திறமான ஏசியாகப் பூட்டு என்றார். அந்த நாட்டில் ஏசியே தேவையில்லையாம், நாடே ஒரு ஏசியாம். நானும் அப்போது அதை அப்படியே நம்பினேன்.

மகன் போய் ஆறு மாதம் கழித்துச் சேர்விஸ் செய்யப் போனால் அறைக்கு ஆமைப்பூட்டுத் தொங்குகிறது. மனிதர் வெளி விறாந்தையில் பனையோலை விசிறியோடு வேர்த்து ஒழுகிக்கொண்டு இருக்கிறார். உள்ளே போய்ப் படுக்கலாமே ஐயா என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அது வெளிநாட்டுக் குளிர் தம்பி, அவையள் வரேக்கைதான் திறக்கிறது."

மூச்சு முட்டுகிற ரீச்சர்

பருத்தித்துறையில் ஓய்வு பெற்ற ஒரு ரீச்சர். பூட்டி ஒரு கிழமைக்குள் நாலு தரம் அழைத்து, மெசின் குளிரவில்லை, என்னை ஏமாற்றிப் போட்டீர் என்று ஏசினார். காஸ் பார்த்தோம், சரி. வடிகட்டி பார்த்தோம், சரி. அன்ரன் கூரைக்குக் கிட்ட ஏறி இறங்கி முழங்கையைச் சிராய்த்துக்கொண்டதுதான் மிச்சம்.

அப்போதுதான் சேலைத் திரையை விலக்கிப் பார்த்தேன். பின்னால் இரண்டு யன்னலும் விரியத் திறந்து கிடக்கின்றன. கடற்காற்று அள்ளி வீசுகிறது. நாங்கள் பூட்டின குளிர் முழுக்கக் கடல் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. பணிவாக விஷயத்தைச் சொன்னேன். ரீச்சருக்கு வகுப்பில் குறுக்கே கதைத்த பொடியனைப் பார்த்தது போலக் கோபம் வந்தது.

"யன்னலைச் சாத்தினால் எனக்கு மூச்சு முட்டும், நீர் மெசினைத் திருத்தும்."

பாரிஸில் வேகிற தங்கச்சி

சென்ற வருடம் எல்லாம் தலைகீழாக மாறியது. ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்குக் குளிர் பூட்டிக்கொண்டிருந்த எனக்கு, ஐரோப்பாவிலிருந்தே அழைப்பு வரத் தொடங்கியது. முதல் அழைப்பு என் தங்கச்சி வீட்டிலிருந்துதான். சுபா பாரிஸில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறாள். தலைக்கு மேலே தகரக் கூரை. பல வருடம் நேர்த்தி வைத்துக் கிடைத்த பிள்ளை வயிற்றில், எட்டாம் மாதம்.

அழைத்தது அவளுடைய கணவர் தயா. அச்சுவேலியைவிடப் பாரிஸ் சூடு என்றார். பகலில் தகரம் வாங்குகிற சூட்டை இரவு முழுக்க அறைக்குள் இறக்குகிறதாம். சுபாவுக்கு நித்திரையே இல்லை, கால் இரண்டும் வீங்கிவிட்டன, பிறஷரும் ஏறுகிறது. அறையைக் குளிராக்காவிட்டால் ஆஸ்பத்திரியில் மறித்து வைக்க வேண்டி வரும், பிள்ளைக்கும் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். ஊர் முழுக்க ஏசி பூட்டுகிறவனின் தங்கச்சி அங்கே வேகிறாள்.

ஒரு ஏசியைப் பூட்ட வேண்டியதுதானே என்று கத்தினேன். வெளிப்பெட்டி தெருப் பக்கம் தெரியக் கூடாதாம். சுவரில் ஒரு துளை போடுவதற்கும் கட்டட உரிமையாளர் சங்கம் கூடிக் கையுயர்த்த வேண்டுமாம். அப்படியென்றால் சங்கத்தை உடனே கூட்டச் சொல்லு என்றேன். தயாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது:

"மார்கழியிலை கூடித்தான் மச்சான், கோடைக்கு முடிவு சொல்லுவினமாம்."

ஒளித்து வைத்த குழாய்

சில்லு வைத்த ஏசி ஒன்று இருக்கிறது, அறைக்குள் தள்ளிக்கொண்டு திரியலாம், சுவரில் கை வைக்கத் தேவையில்லை, அதை வாங்கு என்றேன். கடைக்குக் கடை முடிந்துவிட்டதாம். தயா எங்கேயோ ஒரு மூலையில் கடைசி ஒன்றைப் பிடித்து, லிப்ட் இல்லாத கட்டடத்தில் தோளில் சுமந்து ஏறியிருக்கிறார். அடுத்த நாள் நான் கடை பூட்டுகிற நேரம் திரும்ப அழைப்பு. மெசின் குளிராக ஊதுகிறது, அறை முந்தியைவிடச் சுடுகிறது.

வீடியோவில் காட்டச் சொன்னோம். மெசினின் பின்னால் சூட்டை வெளியே தள்ளுகிற தடித்த குழாய் இருக்கும். அது யன்னல் பக்கம் போகவில்லை. கட்டிலைச் சுற்றிக் குளியலறைக்குள் போயிருந்தது. அறையில் எடுத்த சூட்டைக் குளியலறையில் கொட்டி, அது கதவால் திரும்பி வந்து சுபாவின் தலைமாட்டில் நிற்கிறது. என்ன வேலை இது என்று கேட்டேன். விசாவுக்காக வருடக்கணக்காக அலைந்த மனிதர் அவர், அரச முத்திரையோடு ஒரு உறை வந்தாலே காய்ச்சல் வரும்.

"குழாய் வெளியிலை தெரிஞ்சால் கடிதம் வரும் மச்சான், அதாலை ஒளிச்சு வைச்சனான்."

ஆணி அடிக்காத வேலை

யன்னலால்தான் குழாயை விட வேண்டும். ஆனால் அந்த ஊர் யன்னல் கதவு மாதிரி உள்ளே திறக்கிறது. திறந்தால் ஒரு ஆடு புகுந்து வரலாம், பிறகு குளிர் எங்கே நிற்கும்? ஒரு பலகையை வெட்டி இடைவெளியில் வைத்து ஆணி அடி என்றேன். தயா பதறிப் போனார். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக் கூடாதே. வெளியே சங்கத்தின் தடை, உள்ளே எங்கள் சனத்தின் தடை. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை மேசையில் போட்டுவிட்டேன்.

அன்ரன் அதை எடுத்தான். குருநகரில் பிடித்த மீனை ஐஸோடு போட்டுக் கொழும்புக்கு அனுப்புகிற வெள்ளைப் பெட்டி எதால் செய்தது, அந்த ரெஜிபோம் அட்டை வீட்டில் இருக்கிறதா என்று கேட்டான். தயா சனி, ஞாயிறுகளில் கலியாண மணவறைச் சோடனைக்குப் போகிறவர். அலுமாரிக்குப் பின்னாலிருந்து ஆளுயர ரெஜிபோம் மயில் ஒன்றை இழுத்து வந்தார். பச்சையும் நீலமுமாகத் தோகை விரித்த மயில், பின்பக்கம் வெறும் வெள்ளை. எங்களுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வந்தது. அங்கே தயா கத்தியைப் பிடித்தபடி நிற்கிறார். அது வருகிற சனிக்கிழமை ஒரு கலியாணத்துக்குப் போக வேண்டிய மயிலாம். கட்டிலில் கிடந்த சுபா வீங்கின காலோடு எழும்பி வந்தாள்.

"இஞ்சேருங்கோ, மயில் வேறை செய்யலாம், குழாயை உதுக்குள்ளை விடுங்கோ."

கதவில் தட்டுகிற சத்தம்

மயிலின் வயிற்றில் கத்தி வைக்கத் தயாவுக்கு மனம் வரவில்லை, தோகையில் வெட்டினார். வெள்ளைப் பக்கம் தெருவுக்கு, மயில் அறைக்கு. சுற்றிவரப் பார்சல் ரேப், குழாய் தோகைக்குள். குளியலறைக் கதவைச் சாத்து, திரையை இழு, இப்போது போடு என்று நான் கத்த, கடைக்கு வந்த சனமும் போனைச் சுற்றி நின்றுவிட்டது. மெசினில் சூடு காட்டுகிற எண் ஒன்று இறங்கியது. இன்னொன்று இறங்கியது. வலையில் மீன் விழுந்தது போல அன்ரன் ஒவ்வொன்றையும் கூவிச் சொன்னான். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். கொஞ்ச நேரத்தில் சுபா என்னோடு கதைத்துக்கொண்டிருந்தபடியே நித்திரையாகிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து அங்கே கதவு தட்டுப்பட்டது. கீழ் மாடி மனுஷி, சங்கத்தின் காரியதரிசியே அவதான் என்று தயா முணுமுணுத்துவிட்டுப் போனைக் கட்டிலில் வைத்தார். எங்களுக்குத் தெரிந்தது அறையின் முகடு மட்டும். கழற்று என்று அவ சொன்னால் சுபா இன்று இரவே ஆஸ்பத்திரியில்தான். செருப்புச் சத்தம் யன்னலடிக்குப் போனது, நின்றது, வெகுநேரம் நின்றது. பிரெஞ்சில் மெதுவாக ஏதோ கேட்டா, தயா ஏதோ சொன்னார், கதவு சாத்தப்பட்டது. கடையில் எல்லாரும் போனுக்கு மேலே குனிந்தோம். தயா போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, மனைவி எழும்பிவிடாமல் இரகசியமாகச் சொன்னார்:

"மச்சான், தன்ரை யன்னலுக்கும் ஒரு மயில் வேணுமாம்."

அடுத்த மாதம் மருமகள் சுகமாக வந்து பிறந்தாள். நான் ஏணி ஏறாமல், ஒரு முறுக்காணிகூடத் திருகாமல், ஒரு தேத்தண்ணியும் கிடைக்காமல் செய்து முடித்த ஒரே வேலை அதுதான் என்றாலும், பாரிஸில் ஏசி பூட்டினவன் என்று சந்தை முழுக்கச் சொல்லித் திரிகிறவனும் நான்தான்.