வில்லன் நடிகர் சிரித்த படம்

மதராஸ் பத்திரிகைகளுக்கு நட்சத்திரங்களைப் படம் எடுத்து அனுப்புவது அப்போது என் தொழில். ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவில் வந்திருந்த நம்ம ஊர்ப்பக்கத்து வில்லன் நடிகர் ஒருவரை ரதவீதியில் நிறுத்தி, முறைக்கச் சொன்னேன். நான் கேமராவைச் சரிசெய்வதற்குள் ஒரு பூக்காரி அவர் எதிரே வந்து நின்றுவிட்டாள்.

"ஏலே, சினிமாவுல கட்டுன பொண்டாட்டியக் கிணத்துல தள்ளுனவன் நீதான? நல்லா இருப்பியா?"

அவர் கைகூப்பினார். "தப்புதான் தாயி. இனிமே தள்ள மாட்டேன்."

அவள் சமாதானமாகி, ஒரு முழம் மல்லிகையை அவர் கையில் திணித்தாள். "வீட்டுக்காரிகிட்ட குடு, போ."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நான் அதை எடுத்துவிட்டேன். அதுவே அட்டைப்படமாகவும் வந்தது.

பிறகு மதராஸில் பார்த்தபோது, "உம்ம படத்தப் பாத்துட்டு எல்லாவனும் அப்பா வேஷமா குடுக்கான் வே" என்று என் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். வலித்தாலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.