கழுதையாரின் மூக்கு

மூன்றாம் புத்தகத்தின் அட்டையை இப்போதும் வைத்திருக்கிறேன். முன்னால் ஒரு கழுதை, கழுத்தில் கயிறு. பின்னால் வரிசையாக மூன்று பிள்ளைகள். இரண்டு பக்கமும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள். நான் கீறிய படங்களில் எது நல்லது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். ஆனாலும் அதை எடுத்து ஒருவருக்கும் காட்டுவதில்லை.

போர் முடிந்து, சனம் முகாம்களிலிருந்து ஊர்களுக்குத் திரும்பத் தொடங்கியிருந்த காலம். நான் மன்னார்த் தீவில், பள்ளிமுனையில், வள்ளங்களுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தேன். திருநாள் வந்தால் கோயிலுக்குப் பதாகை எழுதுவேன். மிதிவெடி பற்றிச் சனத்துக்கு விளங்கப்படுத்தவென்று மன்னாரில் கந்தோர் போட்டிருந்த ஒரு நிறுவனத்தின் அதிகாரி ஒருநாள் என்னைத் தேடி வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் படக்கதை வேண்டுமாம். மாதம் ஒன்றாக நாலு புத்தகம், நாலோடு கதை முடிந்துவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் அப்படியொரு தொடர் அதற்கு முன் வந்ததாக நான் அறியேன்.

சொல்ல வேண்டியவற்றை அவரே எழுதித் தந்தார். தெரியாத பொருளைத் தொடாதே, சிவப்புப் பலகையைத் தாண்டாதே, கண்டால் பெரியவர்களிடம் சொல். நாயகன் யார் என்பதை மட்டும் என் விருப்பத்துக்கு விட்டார். நான் கழுதையைப் பிடித்தேன். மன்னார் தெருவில் பஸ்ஸுக்கும் வழிவிடாமல் நிற்கிற, ஒருவருக்கும் சொந்தமில்லாத கழுதை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று ஊரெல்லாம் கேட்கும். தெரியும் என்று காட்டிவிட வேண்டுமென்று எனக்கொரு வீம்பு. அதனால் என் கழுதையாருக்கு, மண்ணுக்குள் கிடக்கிற வெடியை மோந்து பிடிக்கிற மூக்கைக் கொடுத்தேன். அச்சகத்தில் கறுப்போடு சிவப்பு ஒன்றுதான் தருவோம் என்றார்கள். அந்தச் சிவப்பைப் பலகைகளுக்கும் கழுதையாரின் மூக்கு நுனிக்கும் பூசினேன்.

"உண்மையில கழுதைக்கு அது மணக்குமோ?" என்று அதிகாரி ஒரேயொரு தரம் கேட்டார்.

"கதைதானே," என்றேன். அவரும் சிரித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

முதல் இரண்டு புத்தகங்களும் பிள்ளைகளின் கையில் கிழிந்து நாராகின. எனக்குத் தலை கால் தெரியவில்லை. மூன்றாவதில் பலகைக்கு அப்பால் வழிதவறிப் போன பிள்ளைகளைக் கழுதையார் மோந்து மோந்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். பெரிய கெட்டித்தனம் செய்துவிட்டதாக அன்றைக்கு நினைத்தேன்.

அது வெளிவந்து இரண்டு கிழமைக்குப் பிறகு, பாலம் தாண்டிப் பெருநிலத்திலுள்ள ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பெயர்ப்பலகை எழுதப் போனேன். வயல் செய்கிற சனம். திரும்பி வந்து தகரக் கொட்டில்களில் இருந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் ஒரு கழுதை நின்றது. அந்தப் பக்கத்தில் கழுதையே கிடையாது. பத்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பாண் துண்டைப் பிய்த்து அதன் வாயில் தீத்திக்கொண்டிருந்தாள். புத்தகத்தைப் பார்த்து அழுது அடம்பிடித்து, மாமனைக்கொண்டு மன்னாரிலிருந்து உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றுவித்தாளாம். கழுதையின் மூக்கு நுனியில் குங்குமம் பூசியிருந்தது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"என்ன வேலை செய்யுது உன்ர கழுதை?" என்று கேட்டேன்.

"விறகுக்கு வரும் சேர்."

"எங்க?"

அவள் வயலுக்கு அப்பால் கையைக் காட்டினாள். அங்கே, மிதிவெடி எடுத்து முடியாத நிலத்துக்கு எல்லையாக, சிவப்பு நாடா கட்டியிருந்தது. அதற்குப் பின்னால் பற்றைக் காடு.

"அது மணந்து மணந்து முன்னால போகும். நாங்கள் அதின்ர காலடியில கால் வைச்சுப் போவம். நீங்கள் கீறின மாதிரித்தான் சேர். ஏழு பேர் போறனாங்கள். சின்னவன் எண்டா கழுதைக்கு மேல இருப்பான்."

தூரிகையைப் போட்டுவிட்டு அவளின் தாயிடம் ஓடினேன். அந்த மனுசி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். எரிந்தது அந்தக் காட்டு விறகு.

"வேற எங்க போய்ப் பொறுக்கிறது, சொல்லுங்கோ," என்றாள். "இண்டு வரைக்கும் ஒண்டும் நடக்கேல்லையே. பிள்ளையள் புத்தகத்தில உள்ளபடிதானே போகுதுகள்."

நான் போய்ச் சொல்ல, அடுத்த நாளே அதிகாரி போய்த் தாய் தகப்பன்மாரைக் கூட்டிப் பேசினார். தலையாட்டினார்களாம். திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்தவர், நாலாம் புத்தகம் எப்போது முடியும் என்று மட்டும் கேட்டார். ஏசியிருந்தால் ஆறியிருப்பேன்.

நாலாம் புத்தகத்தில் கழுதையாருக்குப் பரிசளிப்பு விழா என்று முன்பே முடிவு செய்திருந்தேன். அதைக் கிழித்தெறிந்தேன். புதுக்கதையில் கழுதையார் மோந்து பார்க்கிறார், ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டுகிறார், காலை வைக்கிறார். அடுத்த பக்கம் முழுக்கச் சிவப்பு. கடைசிப் படத்தில் அறுந்த கயிறு மட்டும் கிடக்கிறது.

"பிள்ளையள் பயப்பிடுவினம்," என்றார் அதிகாரி.

"பயப்பிடட்டும்," என்றேன்.

அந்தக் கிராமத்துக்கு மட்டும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சிவப்புப் பக்கத்தைப் பிரித்த பிள்ளைகள் அதை மூடவும் மாட்டாமல் இருந்தார்கள். ஒரு சின்னவன் விக்கி விக்கி அழுதான். அந்தப் பெண்பிள்ளை மட்டும் அழவில்லை. என்னையே பார்த்தாள்.

"இது எங்கட கழுதை இல்லை," என்றாள்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு அதிபரோடு கதைத்துக்கொண்டு நின்றேன். வெளியே பிள்ளைகள் கத்துகிற சத்தம் கேட்டு ஓடினேன். கழுதையை நடுவில் விட்டுக் கல்லால் எறிந்துகொண்டிருந்தார்கள். எந்தப் புத்தகம் உண்மை என்று பார்க்கவேண்டுமாம். கயிற்றைக் கழற்றி, வயலுக்குக் குறுக்கே நாடாவை நோக்கிக் கலைத்து விரட்டினார்கள். நான் போட்ட கூச்சலை ஒருவரும் கேட்கவில்லை. கழுதை நாடாவை நெஞ்சால் அறுத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து ஓடியது. எல்லாரும் நிலத்தில் குந்திக் காதைப் பொத்தினோம்.

ஒன்றும் நடக்கவில்லை. தூரத்தில் ஒரு பாலை மரத்தடியில் போய் நின்று, இங்கே திரும்பிப் பார்த்தது.

அந்தப் பெண்பிள்ளை, அவர்கள் கழற்றிப் போட்ட வெறுங்கயிற்றோடு, அறுந்த நாடாவின் கரையில் போய் நின்றாள். இன்னும் ஒரு எட்டு வைத்தால் உள்ளே. ஓடிப்போய் அவளின் கையை இறுக்கிப் பிடித்தேன்.

"கூப்பிட்டா வரும் சேர்," என்றாள். "கூப்பிடட்டோ?"

"வேண்டாம்."

"அதுக்குத் தெரியும். நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"எனக்கு ஒண்டும் தெரியாது, பிள்ளை. அதுக்கும் தெரியாது. நான் சும்மா கீறினனான்."

அவள் என் கையை உதறப் பார்த்தாள். விடாமல் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பக்கம் நடந்தேன். அவள் போவதைக் கண்டால் அது பின்னால் வரும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பாண் தீத்தி வளர்த்த கை அல்லவா. பாதி வயல் வந்ததும் பின்னால் சருகு மிதிபடுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. அவளையும் திரும்ப விடவில்லை. ஒவ்வொரு அடியாக அந்தச் சத்தம் கிட்ட வந்தது. மாதாவே, மாதாவே என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு நடந்தேன்.

பிறகு அது வந்து அவளின் தோளில் மூக்கைத் தேய்த்தது. குங்குமம் அவளின் வெள்ளைச் சட்டையில் பட்டது.

அவள் கழுதையின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களோ சேர். உங்கட கடைசிப் புத்தகம்தான் பொய்."

கயிற்றை மறுபடி அதன் கழுத்தில் போட்டாள். கல்லெறிந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, என் அட்டைப் படத்தில் இருக்கிற மாதிரியே, அதன் பின்னால் வரிசையாக நின்றார்கள். அப்போது என் மனதில் வந்ததை இன்றுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. அந்தப் பாவப்பட்ட பிராணி வெடித்துச் செத்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன்.