மேல்கயிற்றில் ஏறும்போது

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டே போனில் ஏதோ பார்த்துக்கொண்டு வந்தார். தைல வாசனை பழகியதுதான். ஆனால் போனிலிருந்து 'டம்' என்று ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அதற்கு எட்டிப் பார்த்துவிட்டேன். நினைத்தது சரி, ஜப்பான் பெண்கள் மல்யுத்தம். ஒருத்தி இன்னொருத்தியைத் தூக்கித் தரையில் அடித்திருந்தாள். இப்போது வேலை பார்க்கும் ராஸ் லஃபான் வரும்வரை என் உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது.

தோஹா தொழில்பேட்டை கேம்ப்பில் இருந்தபோது வெள்ளிக்கிழமை என்றால் எங்களுக்கு இதுதான். ஆண்கள் குஸ்தி தேடப்போன எங்கள் ரூம் தங்கராசுவின் போன், என்ன நினைத்ததோ, இதைக் காட்டியது. அவன் திருநெல்வேலிப் பக்கம். "ஏல, இவளுவ நெசமாவே அடிக்காளுவோ" என்று அவன் வாயைப் பிளந்த நாளிலிருந்து ரூமே அடிமை. குளித்து, சாம்பார் இறக்கி வைத்துவிட்டு, டீயோடு உட்கார்ந்துவிடுவோம். அவர்கள் பெயர் ஒன்றும் வாயில் நுழையாது. அதனால் நாங்களே வைத்தோம். மஞ்சள் முடிக்காரி 'கலர் கோழி'. முறைத்துக்கொண்டே வருகிறவள் 'டீச்சர்'. எல்லாரிலும் சின்னவள் 'தங்கச்சி'.

பார்த்தால் போதாதா, விமர்சனம் வேறு. ரூமில் நாங்கள் மூன்று பேர், மூவரும் சாரம் கட்டுகிறவர்கள். கட்டிய சாரத்தில் ஏறலாம் என்றால் பச்சை அட்டை, ஏறாதே என்றால் சிவப்பு அட்டை தொங்கவிடுவார்கள். சைட்டில் தேய்ந்துபோய்த் தூக்கிப்போட்ட அட்டைகளை ரூமுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கொன்றைத் தூக்கிக் காட்டுவோம். லுங்கியும் தொப்பையுமாக உட்கார்ந்துகொண்டு, "குதிச்ச கால் சரியில்ல" என்று நான் சிவப்பு காட்டியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

எங்களில் கறாரானவர் அழகர்சாமி அண்ணன். மேலூர்க்காரர், வயதிலும் மூத்தவர். "அடிக்கிறவளப் பாக்காதீங்கய்யா, விழுகுறவளப் பாருங்க. தாடைய நெஞ்சோட ஒட்டிக்கிட்டு விழுகுறா பாரு, அவதான் வேல தெரிஞ்சவ" என்பார். அப்புறம் எங்களுக்கும் தாடைதான் கண்ணில் பட்டது. நடுவரின் சைகையும் அவர் கண்டுபிடித்ததுதான். வலிக்கிற மாதிரி நடித்தால் நடுவர் கண்டுகொள்ள மாட்டார். நிஜமாக அடிபட்டால் இரண்டு கையையும் தலைக்கு மேல் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே வைத்துக் காட்டுவார். உடனே ஆட்டம் நிற்கும். ஒருமுறை தங்கச்சி கழுத்து மடிய விழுந்து அசையாமல் கிடந்தாள். அந்தக் குறியைப் பார்த்தோம். அன்றைக்கு யாரும் அட்டை தூக்கவில்லை. சாம்பார் அப்படியே இருந்தது.

அண்ணன் லீவு முடிந்து வந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். ஆட்டத்தில் யாராவது மூலைக் கம்பத்தில் ஏறி மேல்கயிற்றில் நின்றால், சரியாக அந்த நேரம் டீ கிளாஸை முகத்துக்கு நேரே தூக்கிவிடுவார். கிளாஸ் காலியான பிறகும் தூக்கினார். விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் இறக்கினார்.

கடைக்குப் போகும் வழியில் கேட்டேன். "மேல நின்னா கீழ இருக்கதெல்லாம் சுத்துது தம்பி. ஊர்லயே ஆரம்பிச்சிருச்சு. யாருட்டயும் சொல்லிறாத. ஏறாதவனுக்கு இங்க என்ன வேல, டிக்கெட்டக் கையில குடுத்துருவாய்ங்க" என்றார். சொன்னால் அவர் வேலை போகும். சொல்லாவிட்டால் அவரே போய்விடுவாரோ என்று பயம். கீழே நின்று பைப் எடுத்துக் கொடுக்கும்போதெல்லாம் அவர் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"ஜல்தி, ஜல்தி" என்று ஃபோர்மேன் விரட்டிக்கொண்டிருந்த ஒரு காலை, அண்ணன் ஏணியில் பாதியில் நின்றுவிட்டார். பைப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடியிருந்தார். பாதுகாப்பு பெல்ட்டின் கொக்கி மாட்டாமல் தொங்கியது. கத்தினால் திடுக்கிட்டுக் கையை விட்டுவிடுவார் என்று கத்தவில்லை. என் இரண்டு கையும் தானாகத் தலைக்கு மேலே போய்ப் பெருக்கல் குறி போட்டு நின்றன.

ஃபோர்மேனுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். சாரத்தின் உச்சியில் இருந்த தங்கராசு மட்டும் பார்த்தான். ஸ்பேனரை வைத்துவிட்டுப் பக்கத்துப் பைப் வழியாகச் சத்தமில்லாமல் இறங்கி வந்து, அண்ணனின் கொக்கியை மாட்டி, கீழ்ப்படியில் அவர் முதுகோடு ஒட்டி நின்றான். "கண்ணத் தொறக்காதீய அண்ணாச்சி, கால மட்டும் கீழ வைங்க" என்று கொக்கியை மாற்றி மாற்றி மாட்டி ஒவ்வொரு படியாக இறக்கினான்.

தரையில் உட்கார்ந்ததும் அண்ணன் கேட்டது, "ஃபோர்மேன் பாத்துட்டாரா?"

பார்த்துவிட்டார். அந்த மாதமே விசாவை கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் கையைத் தூக்கியதால்தானே ஃபோர்மேன் கவனித்தார், என் மேல் கோபமாக இருப்பார் என்று நான் அவர் முகத்தைப் பார்க்காமலே இருந்தேன். ஏர்போர்ட் வண்டியில் ஏறியவர் ஜன்னல் வழியாகப் பச்சை அட்டையைத் தூக்கிக் காட்டினார். நான் அழுதுவிட்டேன்.

இப்போது அந்த ரூமில் யார் யாரோ. தங்கராசு குவைத்துக்குப் போய் மங்காஃபில் இருக்கிறான். தங்கச்சியை அப்புறம் எந்த ஆட்டத்திலும் பார்க்கவில்லை.

போன வாரம் மேலே நிற்கும்போது கீழே நின்ற லாரி லேசாகச் சுற்றியது. வெயில்தான் என்று சொல்லிக்கொண்டேன். இன்று ஏறுவதற்கு முன் கீழே பைப் எடுத்துக் கொடுக்கிறவர்களை ஒருமுறை பார்த்தேன். நல்லவர்கள்தான். கையைக் குறுக்கே தூக்கினால் என்ன அர்த்தம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. பஸ்ஸில் முன் சீட்டில் இருந்தவருக்குத் தெரிந்திருக்கும். அவர் என் சைட்டுக்கு முந்தின கேட்டிலேயே இறங்கிவிட்டார்.