இல்லாத மாடிக்கு வந்த வரி

எங்கள் வீட்டுக்குச் சொத்து வரி நோட்டீஸ் வந்தபோது அதை வாசித்தவள் நான்தான். வேறு யாருக்கும் வாசிக்கத் தெரியாது. அப்பா வாழைக்காய் மண்டியில் சுமை தூக்குகிறார். அம்மா பீடி சுற்றுகிறாள். அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போய், கல்லூரியும் முடித்து, தினமும் பஸ் ஏறிப் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்துக்கு வேலைக்குப் போகிறவள் நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதலாம். ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

அந்த வருடம் எல்லா வீட்டுக்கும் வரி கொஞ்சம் ஏறியிருந்தது. எங்களுக்கு மட்டும் மூன்று மடங்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அம்மாவின் பீடிக்கூலியில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். காரணம் நோட்டீஸிலேயே இருந்தது. தரைத்தளம், முதல் தளம், கடை ஒன்று.

எங்களுக்கு இரண்டு அறையும் ஒரு அடுப்பங்கரையும்தான். மாடி கிடையாது. கடையும் கிடையாது. ஒட்டின சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா வீடு. அவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் சித்தி அங்கே மாடி கட்டினாள். இரண்டு வீட்டு வாசலுக்கும் நடுவில் இருக்கிற வெளிப்படி வழியாகத்தான் அந்த மாடிக்கு ஏறவேண்டும். மாடி எழுந்த நாளிலிருந்து அம்மாவுக்கும் சித்திக்கும் பேச்சு உண்டு, சிரிப்பு உண்டு, நடுவில் ஒரு சின்ன முள்ளும் உண்டு. சித்தி மேலே துணி காயப்போடும்போது, “அப்பாடி, மேல என்னமா காத்து வருது!” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வாள். அம்மா கீழே பீடித் தட்டை ஓங்கி வைப்பாள்.

“முதல் தளம்” என்று நான் வாசித்ததும் அப்பா கொதித்தார். “கண்ணு தெரியாதவனையா அளக்க அனுப்புனாக?” அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். பீடி இலையை வெட்டிக்கொண்டே இருந்தாள்.

மனுவை நானே எழுதினேன். நல்ல தமிழில், தெளிவான காரணங்களோடு, இரண்டு பக்கம். பேரூராட்சி அலுவலகத்தில் இருந்த பெண் அலுவலர் அதை முழுதும் வாசித்துவிட்டு, “ரொம்ப நல்லா எழுதியிருக்கியேம்மா. ஆனா அளவு எங்க? வரைபடம் எங்க? நீ இல்லைங்கறே, எங்காளு இருக்குங்கறாரு. நான் யாரை நம்ப?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. நியாயமாகத்தான் கேட்டார். மாதம் முடிவதற்குள் ஆதாரத்தோடு ஆட்சேபணை கொடுத்தால் விசாரிப்பார்கள் என்றும் சொன்னார்.

என் அலுவலகத்துத் தோழி ஒருத்தி வழிகாட்டி, பாளையங்கோட்டையில் உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவரிடம் போனேன். நாற்பது வயதுப் பெண். கட்டிடங்களுக்கு வரைபடம் போடுவதும் வரித் தகராறுகளுக்கு மனு தயாரிப்பதும் அவர் தொழில். கட்டணத்தை முதலிலேயே சொல்லிவிட்டார். நான் எழுதிய இரண்டு பக்கத்தையும் படித்துப் பார்த்து, “இதை வச்சுக்க. கல்யாணப் பத்திரிகைக்கு ஆகும். இப்ப நான் வந்து அளக்கேன்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. சிரிப்பும் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். அம்மா காப்பியோடு ஓடிவந்தாள். “அளந்து முடிச்சப்புறம்க்கா. காப்பி குடிச்சுட்டு அளந்தா அளவு கோணும்” என்று தம்ளரைத் திண்டின் மேல் வைக்கச் சொல்லிவிட்டு, டேப்பின் நுனியை என் கையில் கொடுத்தார். அறை, அடுப்பங்கரை, வாசல் என்று ஒவ்வொன்றாக அளந்தோம். தெருவோரக் கொட்டகைக்கு வந்ததும் நின்றார். அதற்கு இரும்பு ஷட்டர் போட்டிருந்தது.

“இதான் கடையா?”

“ஆட்டுக் கொட்டகை” என்றார் அப்பா. இடித்த கடையொன்றின் பழைய ஷட்டர் மலிவாகக் கிடைத்தது, நாய்க்குப் பயந்து மாட்டினேன் என்று விளக்கினார்.

“சரி, கடை வந்த வழி தெரிஞ்சுட்டு.” பொறியாளர் வெளிப்படியை அண்ணாந்து பார்த்தார். “மாடி வந்த வழி? கதவு பூட்டியிருக்கு. ஆனா உள்ள எத்தனை அறைன்னுகூட அளந்தவரு நோட்டீஸ்ல எழுதியிருக்காரு. யாரோ திறந்து காட்டியிருக்காக.”

சித்தி வள்ளியூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போகும்போது மாடிச் சாவியை எங்கள் வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போவாள். வரிக்கு அளக்க ஆள் வந்த அன்றும் அவள் ஊரில் இல்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம்.

“நான்தான் காட்டுனேன்” என்றாள் அம்மா.

“எதுக்குட்டி?” என்றார் அப்பா.

“அவரு வரிக்கு அளக்க வந்திருக்கேன்னுதான் சொன்னாரு. நான் நம்பலை.”

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் இருக்கிறது. முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒருவர் வேறு ஏதோ காரியமாக வருவதுபோல வந்து வீட்டை நோட்டம் விட்டுப் போவார். ஆடு விலைக்குக் கேட்பார். தண்ணீர் கேட்பார். வழி கேட்பார். பெண் வீட்டார் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி நடந்துகொள்ள வேண்டும். அந்த வாரம் சேரன்மகாதேவிப் பக்கமிருந்து ஒருவர் அப்படி வருவார் என்று தரகர் அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறார். எனக்கு அந்தச் சேதியே தெரியாது. வந்து நின்றவர் வீட்டு வரிக்கு அளக்க வேண்டும் என்றதும், நல்ல சாக்குதான் பிடித்திருக்கிறார் என்று அம்மா மனசுக்குள் மெச்சியிருக்கிறாள்.

“டேப்பு பிடிச்சு ஒவ்வொரு சுவரா அளந்தாரு. இவ்வளவு கருத்தா பாக்குதாகளே, ரொம்ப நல்ல எடம்னு நெனச்சேன்” என்றாள். முறுக்கு கொடுத்திருக்கிறாள். காப்பி கொடுத்திருக்கிறாள். மாடியும் உங்களுதா என்று அவர் கேட்டதற்கு, “நம்மதுதான் அண்ணாச்சி” என்று சாவியை எடுத்திருக்கிறாள். ஷட்டரைக் காட்டி இது என்ன என்றதற்கு, “கடை. வாடகைக்கு விடப் போறோம்” என்றிருக்கிறாள். ஆடுகள் அப்போது ஆற்றங்கரையில் மேய்ந்துகொண்டிருந்தன.

பொறியாளர் படியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

“எனக்கு எதுக்கும்மா மாடி? நான் படிச்சது போதாதா?”

“படிப்பை வாசல்ல நிறுத்திக் காட்ட முடியுமாட்டி? மாடின்னா ரோட்டுல போறவனுக்கும் தெரியும்.”

 அவள் அப்படிச் சொன்னது எனக்காக என்று தெரிந்தது. அதனால் கோபமும் முழுதாக வரவில்லை.

பொறியாளர் காப்பியை இப்போது எடுத்துக்கொண்டார். “கடைக்கு போட்டோ போதும். மாடிக்குத்தான் ஒண்ணு வேணும். அந்த மாடிக்கு உங்க சித்தி பேர்ல ஏற்கனவே வரி கட்டுதாகல்லா? அந்த ரசீது. ஒரே மாடிக்கு ரெண்டு பேர்கிட்ட வரி வாங்க முடியாது. அதை இணைச்சுட்டா பேச்சே இல்லை.”

“அவகிட்டயா?” அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. “அதுக்கு நான் மூணு மடங்கு வரியவே கட்டிட்டுப் போறேன்.”

சும்மா சொல்லவில்லை. மறுநாளிலிருந்து வழக்கத்தைவிட ஒரு கட்டு இலை கூடுதலாக வாங்கி நனைக்க ஆரம்பித்தாள். நான் கேட்டு வாங்கி வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். எதற்கு என்று சொல்லாமல் வாங்குகிறேன் என்றேன். “அவ சொல்லாம குடுப்பாளா? கழுத்தைப் பிடிச்சு கேப்பா” என்றாள். மாதம் ஓடிக்கொண்டிருந்தது. பொறியாளர் போன் பண்ணி, “வரைபடம் ரெடி. ரசீது எங்கம்மா?” என்று கேட்டார். நான் திண்டாடினேன்.

ஒரு சாயங்காலம் பஸ் இறங்கி வருகிறேன், பீடித் தட்டு தனியாகக் கிடக்கிறது. அம்மாவைக் காணோம். சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல். படியடியில் நின்று கேட்டேன்.

“ஒரு காரியம் பண்ணிட்டேன் தங்கச்சி” என்று தொடங்கி அம்மா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சாவி எடுத்ததை, கட்டிலைக் காட்டியதை, ஜன்னலைத் திறந்து காற்று வருவதைக் காட்டியதைக்கூட.

 பிறகு சித்தி கேட்டாள்: “காத்து நல்லா வருதுன்னு சொன்னியாக்கா?”

“சொன்னேன்.”

“ஆளையே தூக்கிட்டுப் போற காத்துன்னு சொல்லியிருக்கணும்!” சித்தி வெடித்துச் சிரித்தாள். அம்மாவும் சேர்ந்துகொண்டாள். பாத்திரம் ஏதோ உருண்ட சத்தம். “ஏக்கா, நம்ம பிள்ளையைப் பாக்க வாராகன்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் புது விரிப்பு போட்டுட்டுப் போயிருப்பேனே. பழசைக் காட்டி என் மானத்தை வாங்கிட்டியே!”

ரசீதோடு அம்மா வெளியே வந்தபோது நான் ஒன்றும் கேட்காதவள் மாதிரி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

ஆட்சேபணையை வரைபடம், போட்டோ, ரசீதோடு பொறியாளர் தாக்கல் செய்தார். செயல் அலுவலர் மறு அளவைக்கு உத்தரவிட்டார். வந்தவர் முன்பு அளந்துவிட்டுப் போன அதே பில் கலெக்டர். எங்கள் தரப்பில் பொறியாளர் நின்றார். நான் அரைநாள் விடுப்பு எடுத்திருந்தேன். அம்மா பயத்தில் இந்த முறை நேர் எதிராகப் போய்விட்டாள்.

“இதெல்லாம் ஒரு வீடா சார்? மழை பெஞ்சா நிக்க எடமில்லை.”

“எங்கன ஒழுகுது? ஒரு இடம் காட்டு பாப்போம்!” என்று அப்பா பாய்ந்தார். மண்டியில் சுமை தூக்கிச் சேர்த்த காசில் போட்ட கான்கிரீட் கூரை அது.

“அக்கா, உள்ளதை மட்டும் சொல்லுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்” என்றார் பொறியாளர்.

பில் கலெக்டர் சிரித்துவிட்டார். “இத்தனை வருசத்துல எல்லாரும் எங்கிட்ட குறைச்சுத்தான் சொல்லியிருக்காக. இருக்கற மாடியை இல்லைம்பாக. நீங்க ஒருத்திதான் இருக்குன்னு சொல்லி, முறுக்கும் குடுத்தீங்க. எப்படி நம்பாம இருப்பேன்?”

அப்பா ஷட்டரைத் தூக்கினார். உள்ளே இருந்த ஆடுகள் வெளிச்சத்தைக் கண்டு மொத்தமாகப் பாய்ந்து, பில் கலெக்டரைச் சுற்றிக்கொண்டு தெருவுக்கு ஓடின. “கடை இல்லை” என்று அவர் சட்டையைத் தட்டிக்கொண்டே எழுதினார். பிறகு படியடியில் நின்று, முறைக்காக அம்மாவிடம் கேட்டார்: “மாடி யாருது?”

அம்மா வாயைத் திறப்பதற்குள் மேலே கைப்பிடிச் சுவரில் சித்தி வந்து நின்றாள். புதுச் சேலை கட்டியிருந்தாள்.

“மாடி என்னுது சார்! ஆனா எங்கக்கா எப்ப வேணும்னாலும் மேல வரலாம். அதுக்கு ஏதும் வரி உண்டா?”

“அதுக்கு இல்லம்மா.”

“அப்ப எழுதிக்கோங்க.”

திருத்திய உத்தரவு வந்தது. தரைத்தளம், குடியிருப்பு மட்டும். நான் சத்தமாக வாசித்தேன். அப்பா இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். அம்மா, வீட்டு உரிமையாளர் என்று தன் பெயர் வரும் இடத்தை மட்டும் மூன்றாம் முறை வாசிக்கச் சொன்னாள். அன்று ராத்திரிச் சாப்பாடு எல்லோருக்கும் சித்தியின் மாடியில். ஆற்றுப் பக்கமிருந்து காற்று உண்மையாகவே நன்றாக வந்தது. அம்மா அதைச் சித்தியிடம் வாய்விட்டுச் சொன்னாள்.

அந்தச் சேரன்மகாதேவிக்காரர் கடைசிவரை வரவே இல்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை. இனி யார் வந்தாலும் நேராக வந்து என்னிடம் பேசட்டும் என்று தரகருக்குச் சொல்லிவிட்டேன். அம்மா பாடுதான் பாவம். போன வாரம் கரண்ட் கணக்கெடுக்க வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, “நெசமாவே கரண்ட் ஆபீஸ்தானா அண்ணாச்சி? பிள்ளையைப் பாக்க வந்திருந்தா இப்பமே சொல்லிருங்க, சாவியை வாங்கிட்டு வாரேன்” என்று கேட்டிருக்கிறாள்.