கிளொசி பாவா

காத்தான்குடியில் தறிச் சத்தம் ஓயாத தெருவில் பிறந்தும் முகைதீன்பாவாவுக்கு நெசவு ஒத்துவரவில்லை. அரை மணி நேரம் ஒரே இடத்தில் இருந்தால் கால் மரத்துப்போகும்; வாய் மட்டும் மரக்காது. தோணிகளுக்குத் தார் பூசப் போனார். அங்கிருந்து கதவு யன்னல்களுக்குப் பெயின்ற் அடிக்கும் வேலைக்கு வந்தார். முப்பத்தைந்து வயதில் அந்தத் தொழிலில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று ஊரே சொன்னது. அவரும் சொன்னார்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்து நாலில் வாவிக்கரையில் அரசாங்க உத்தியோகத்தர் வந்து தங்கப் புதிதாகக் கட்டிய வாடி வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது. கொழும்பிலிருந்து வந்த டின்னைத் திறந்து முதற் கதவுக்கு இரண்டு பூச்சுக் கொடுத்தார். காய்ந்ததும் கதவில் அவருடைய தாடி தெரிந்தது. தாடியில் இருந்த பெயின்ற்றும் தெரிந்தது. இப்படியொரு பெயின்ற்றை அவர் கண்டதேயில்லை. டின்னின் மூடியைத் தூக்கிக்கொண்டு, அரசாங்கக் கச்சேரி வாசலில் சனங்களுக்குப் பெத்திசம், மனு எழுதிக் கொடுக்கும் கதிர்காமத்தம்பியிடம் ஓடினார்.

"ஐயா, இதில என்ன எழுதியிருக்கு?"

கதிர்காமத்தம்பி கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டினார். "கிளொசி. மினுமினுப்பு எண்டு கருத்து, காக்கா."

"எல்லா மினுக்கத்துக்கும் சொல்லலாமா?"

"அப்பிடியில்லை. வெள்ளி மினுங்குறது வேற, விளக்கு மினுங்குறது வேற. எண்ணெய் தடவி வழிச்சுவிட்ட மாதிரி வழுவழுப்பா இருந்து மினுங்கினாத்தான் கிளொசி. நல்ல குதிரையின்ர உடம்புக்குச் சொல்லலாம். பொம்புளையளின்ர கூந்தலுக்குச் சொல்லலாம். பலா இலைக்கும் சொல்லலாம்."

"நல்ல சொல்லா, கெட்ட சொல்லா?"

"நல்ல சொல்தான். ஆனா இடம் பார்த்துப் பாவிக்க வேணும்."

முதல் பாதி மட்டும் முகைதீன்பாவாவின் காதில் ஏறியது. அன்று மாலையே மனைவி கைறுன்னிஸா அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயைக் காட்டி, "கிளொசி" என்றார். மறுநாள் சந்தையில் விரால் மீன் கிளொசி. வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் ஹஸரத்தின் புதுச் செருப்பு கிளொசி. "உங்களுக்கு என்ன நடந்தது மனிசா, நாக்கில ஏதும் ஒட்டிக்கிட்டா?" என்று கைறுன்னிஸா கேட்டாள்.

பதினாலு கதவும் முடிந்த அன்று, வேலையைப் பார்க்க எஞ்சினியர் துரை வந்தார். பின்னால், வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் சீனித்தம்பி பயபக்தியோடு வந்தார். நல்ல வெயில். துரை தொப்பியைக் கழற்றி, தலையைக் கைலேஞ்சியால் துடைத்தார். அந்தத் தலையில் ஒரு மயிரில்லை. வியர்வையில் குளித்து, வாவியின் வெளிச்சம் பட்டு, எண்ணெய் தடவி வழித்துவிட்ட மாதிரியே இருந்தது.

முகைதீன்பாவா உள்ளம் நெகிழ்ந்து போனார். இவ்வளவு பொருத்தமான இடம் இனி வாழ்நாளில் வாய்க்குமா?

"டோர் கிளொசி, சேர்," என்றார். பிறகு மரியாதையாகக் குனிந்து, "சேர் ஹெட், வெரி வெரி கிளொசி!"

ஓவசியரின் கையிலிருந்த குடை விழுந்தது. துரை கதவுக்கு முன்னால் போய் நின்றார். கதவில் அவருடைய தலை துல்லியமாகத் தெரிந்தது. வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, "டல். எல்லாக் கதவும் டல்லாக வேண்டும்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

"டல் எண்டா மங்கல்," என்றார் கதிர்காமத்தம்பி. நடந்ததைக் கேட்டதும் பேனையைக் கீழே வைத்துவிட்டார். "இடம் பார்த்துப் பாவி எண்டு சொன்னனே காக்கா!"

"இடம் பார்த்துத்தானே ஐயா சொன்னன்! அதைவிடத் தோதான இடம் எங்க இருக்கு?"

தன் கைவேலையைத் தானே கெடுப்பது முகைதீன்பாவாவுக்குப் பெருந்துக்கம். கணவாய் மீனின் சொரசொரப்பான ஓட்டால் பதினாலு கதவையும் ஆறு நாள் தேய்த்தார். தேய்க்கத் தேய்க்கக் கண் கலங்கியது. தூசி என்று ஓவசியரிடம் சொன்னார்.

ஏழாம் நாள் துரை தன் மனைவியோடு வந்தார். துரைசாணி கதவைத் தடவிப் பார்த்து முகம் சுளித்தாள். "இதென்ன, சாம்பல் பூசின மாதிரி? ஏன் இப்படிச் செய்தாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஓவசியர் வாயைத் திறக்குமுன் முகைதீன்பாவா முந்திக்கொண்டார். இந்த முறை பிழை வரக்கூடாது என்று சொற்களை நெஞ்சுக்குள் அடுக்கி வைத்திருந்தார்.

"நவ் டோர் டல், மேடம். ஒன்லி சேர் கிளொசி."

துரைசாணி கணவனின் தலையைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். மறுகணம் விறாந்தை நாற்காலியில் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணீர் வழிந்தது. துரை முதலில் சிவந்தார். பிறகு மீசை துடித்தது. கடைசியில் அவரும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டார். புது டின்களுக்குக் கொழும்புக்கு எழுதும்படி ஓவசியருக்குச் சொன்னார். முகைதீன்பாவா மறுபடியும் பெயின்ற் அடித்தார். அந்தப் பூச்சுப்போல் தன் கையிலிருந்து வேறொன்றும் வந்ததில்லை என்று பிற்காலத்தில் பெருமையாகச் சொல்வார்.

கதை வாவியைக் கடந்து ஏறாவூர் வரை போனது. அதன்பிறகு அவரை எவரும் சொந்தப் பெயரால் கூப்பிடவில்லை; எல்லோருக்கும் அவர் கிளொசி பாவாதான். இரண்டாம் உலக யுத்த காலத்தில் அரிசிக் கூப்பன் கொடுத்தபோது, கிளாக்கர் மூன்று தரம் "முகைதீன்பாவா!" என்று உரத்துக் கூப்பிட்டார். வரிசையில் ஒருவரும் அசையவில்லை. யாரப்பா அந்த ஆள் என்று முகைதீன்பாவாவும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பக்கத்தில் நின்ற மச்சான் முனாப்தான் அவர் விலாவில் இடித்தான். "மச்சான், அது நீங்கதான். போங்க, அரிசி முடியப் போகுது!"