எட்டு ஐம்பதுக்கு விழுந்த வலது கை

அந்தச் சனிக்கிழமை காலை தங்கச்சியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். அவள் கொழும்பில் தையல் வேலை செய்கிறாள். கல்யாணமொன்றுக்கு எந்தச் சேலை கட்டுவது என்பதுதான் பேச்சு. "மஞ்சள்" என்று சொல்ல வாயெடுத்தேன். வேறு ஏதோ சத்தம்தான் வந்தது.

"அக்கா, ஏன் கொழகொழன்னு பேசுறீங்க?"

பதில் சொல்லப் போனேன். வலது கை தானாகவே தொங்கியது. போன் விழுந்தது, பின்னாலேயே நானும் விழுந்தேன்.

இருபது வருடமாகத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவள் நான். பேச்சில்லாமல் ஒரு நிமிடம்கூட இருந்ததில்லை. தரையில் கிடந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒரு சொல் வரவில்லை. அந்தப் பயத்தை இப்போதும் சரியாக எழுதத் தெரியவில்லை.

என் கணவர் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு ஓடிவந்தார். பக்கத்து வீட்டு அக்கா பால் விடாத பிளேன்டியோடு வந்தாள். "வாயுவா இருக்கும், இத குடிக்க வைங்க. எண்ண தேய்ச்சா சரியாகிடும்."

விழுந்து கிடந்த போனிலிருந்து தங்கச்சி கத்தினாள். "மச்சான்! வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க! அக்காவுக்கு வாய் கோணியிருக்கான்னு பாருங்க!"

அவர் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியதிலேயே எனக்கு விடை தெரிந்துவிட்டது.

"இது பாரிசவாதம், மச்சான்" என்றாள் தங்கச்சி போனில். "எங்கப்பாவுக்கும் இதேதான். எண்ண தேய்ச்சிகிட்டு ஒரு நாள் பூரா லயத்து வீட்டுல வச்சிருந்தோம். அவர் கை கடைசி வரைக்கும் வரல. இப்பவே ஆம்புலன்சுக்கு அடிங்க. கிட்ட இருக்க ஆஸ்பத்திரி வேணாம், தலைய படம் எடுக்கிற மெசின் இருக்க இடத்துக்கே போகச் சொல்லுங்க!"

என் கணவர் அதிர்ந்து பேசாத மனிதர். அன்று ஆம்புலன்ஸ்காரரிடம் சிங்களத்தில் போட்ட சத்தத்தை லயத்து வரிசை வீடுகள் எல்லாமே கேட்டிருக்கும். கிட்ட ஆஸ்பத்திரி இருந்த பெல்மதுளைச் சந்தியில் வண்டி நிற்காமல், அந்த மெசின் இருந்த இரத்தினபுரிக்குத் திரும்பியபோது என் இடது கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வண்டியிலிருந்த பெண், "பய வென்ன எப்பா, அம்மே" என்று வழி நெடுகப் பயப்படாதே என்றே சொல்லிக்கொண்டு வந்தாள்.

பெரியாஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் முதலில் கேட்டது, "கீயடத பட்டங்கத்தே?" எத்தனை மணிக்குத் தொடங்கியது?

என் கணவர் திணறினார். "நான் குளிச்சிக்கிட்டிருந்தேன், தொர."

இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நேரம் தெரியாமல் போட முடியாது, பிந்திப் போட்டால் மூளையில் இரத்தம் கசியலாம் என்றார் டொக்டர். எனக்கு நேரம் தெரியும். சொல்லத்தான் வாயில்லை. இடது கையால் கணவரின் சட்டைப் பையைத் தட்டினேன். இரண்டாம் தடவை தட்டியபோதுதான் அதில் போட்டு வந்திருந்த என் போனை எடுத்தார். எட்டு நாற்பதுக்கு வந்த அழைப்பு அதில் இருந்தது. டொக்டர் தங்கச்சியிடமே பேசினார்.

"பத்து நிமிசம் நல்லாத்தான் பேசினாங்க, சேர். எட்டு அம்பது இருக்கும், அப்பதான் நாக்கு கொழறுச்சி."

தலையைப் படமெடுத்தார்கள். இரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான். ஆபத்தையும் சொல்லிக் கையெழுத்துக் கேட்டார்கள். கணவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். மணி பத்தரை ஆகியிருந்தது.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. பாதி இறங்கியிருக்கும், வலது பெருவிரல் அசைந்தது. நான் அசைத்தேன்! தாதி கையைத் தூக்கச் சொன்னாள். தூக்கினேன், நடுங்கியது, ஆனால் விழவில்லை. மாலையில் கணவர் கஞ்சியை ஊட்ட வந்தபோது, "உப்பில்ல" என்றேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு அழுதார். நான் சிரித்தேன்.

பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு அந்த மருந்து போட முடியவில்லை. தூக்கத்திலேயே அடைப்பு வந்திருந்ததால் நேரம் யாருக்கும் தெரியாது. அவள் முகத்தை நான் மறக்கவில்லை.

ஒரு மாதத்தில் பாடசாலைக்குப் போனேன். முதல் பெற்றோர் கூட்டத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். வாய் கோணினால், கை விழுந்தால், பேச்சுக் குழறினால், எண்ணெய் தேடாதீர்கள், மணியைப் பாருங்கள், ஓடுங்கள்.

இந்த மாசியில் தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் ஒருவர் தேயிலை மலையில் வேலை செய்யும்போது வலது கை தொங்கி விழுந்தார். அவருடைய மனைவி அந்தக் கூட்டத்துக்கு வந்தவள். ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டதும் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாளாம். பேனாவால் "7.15" என்று எழுதியிருந்தது. நேற்று அந்த மனிதர் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு பாடசாலைக்கு வந்தார். வலது தோளில்.