கர்ணன் வீட்டுப் பாலில் ஆடை

“திரு. கர்ணன், கோம்பை. தூய்மையான பால் உற்பத்தியில் முழுப் பயிற்சி பெற்ற முன்மாதிரி விவசாயி.” லேமினேட் செய்த இந்தச் சான்றிதழ் மாட்டுக்கொட்டகைத் தூணில் தொங்குகிறது. பயிற்சி மூன்று நாள். கர்ணன் போனது பிரியாணி போட்ட கடைசி நாள் மட்டும். தினமும் மடிச்சூடு ஆறும் முன்பே அவர் பச்சைப்பால் குடிப்பதும் இந்தச் சான்றிதழுக்குக் கீழே உட்கார்ந்துதான். காய்ச்சிய பாலுக்கு அவர் வைத்த பெயர் செத்த பால். டீக்கடைக்குப் போனால் கடுங்காப்பிதான் கேட்பார்.

மருமகள் ஹேமாவதி முழுகாமல் இருக்கும் செய்தி தெரிந்ததும், வரும் வெள்ளிக்கிழமை முதல் அவளுக்கும் ஒரு செம்பு பச்சைப்பால் என்று பால் சங்க வாசலில் வைத்தே அறிவித்துவிட்டார். புதன்கிழமை அவருடைய கறுப்புப் பசு ஏழாம் மாதத்திலேயே கன்றை வீசிவிட்டது.

கால்நடை மருத்துவர் சுபாஸ்ரீ வந்து இரண்டு மாட்டுக்கும் ரத்தம் எடுத்தார். இது தொற்றாக இருக்கலாம், பக்கத்தில் கட்டிய செவலைப் பசுவுக்கும் இருக்கலாம், பால் வழியாக மனிதருக்கும் வரும் என்றார். நாற்பது வருடமாகக் குடிக்கிறேன், எனக்கு என்ன ஆகிவிட்டது என்று கர்ணன் கேட்டார்.

“இதுவரைக்கும் ஆகலைங்கய்யா. அந்தக் கிருமி கண்ணுக்கும் தெரியாது, ருசியிலயும் தெரியாது. பொங்கக் காய்ச்சினாச் செத்துரும். மாசமா இருக்கிற பிள்ளைக்குப் பச்சையாக் குடுத்தா, மாட்டுக்கு ஆனது அவளுக்கும் ஆகலாம்.”

 

வெள்ளி வந்தது. சொன்ன சொல்லை மாற்றுவது அவருக்கு வழக்கமில்லை. மாற்றினால் அதை ஒப்புக்கொள்வது அதைவிட வழக்கமில்லை. கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல்லைக் கூட்டி, செவலையின் பாலைப் பொங்கவிட்டு, மடிச்சூட்டுக்கு ஆறவைத்துக் கொண்டுவந்தார்.

“இந்தா ஆத்தா, இப்பத்தான் கறந்தது.”

ஹேமாவதி செம்புக்குள் பார்த்தாள். மேலே தடிமனாக ஆடை படிந்திருந்தது.

“மாமா, நம்ம செவலை ஆடையோடவே கறக்குதா?”

“தீனி அப்பிடி” என்றார் கர்ணன்.

அவள் குடித்துவிட்டுச் செம்பைக் கழுவிக் கொடுத்தாள். அந்த வீட்டில் அதற்குமேல் அதைப் பற்றிப் பேச்சில்லை. செவலைக்கு ஒன்றுமில்லை என்று பிறகு முடிவு வந்தது. ஆனாலும் அடுப்புக் கல் கலையவில்லை. ஹேமாவதி பேறுகாலத்துக்குத் தாய்வீடு போகும்வரை கர்ணன் தினமும் பாலைக் காய்ச்சினார். ஆடையை எடுத்துத் தானே தின்றுவிட்டு, பாலை மருமகளுக்குக் கொடுத்தார்.